பதினேழாம் எண் அக்குள்

மூக்கக்காவின் வேலை அக்குளை முகர்ந்து பார்ப்பது. எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அது ஒரு சோப்புக் கம்பெனி. வியர்வை நாற்றத்தை அடக்கும் களிம்புகளையும் தெளிப்புகளையும் விதவிதமான டப்பாக்களில் அடைத்து விற்கிறார்கள். அவை நாற்றத்தை உண்மையில் அடக்குகின்றனவா என்று பார்க்க வெளிநாட்டிலிருந்து ஒரு இயந்திரம் வாங்கினார்கள். அது மூன்றே மாதத்தில் சலித்துப்போய் எல்லா அக்குளுக்கும் ஒரே மார்க் போட ஆரம்பித்தது. ஆகவே மனித மூக்குதான் வேண்டும் என்று முடிவாயிற்று.

அடையாள அட்டையில் அவள் பதவி ‘புலனுணர்வு மதிப்பீட்டாளர், முதல் நிலை’ என்று இருக்கும். துடைப்பக்கட்டைக்குப் பட்டுக்குஞ்சம். கம்பெனியில் எல்லாருக்கும் அவள் மூக்கக்கா. அவளுக்குக் கீழே வேலை பார்க்கும் இளம்பெண்ணுக்குச் சின்ன மூக்கு என்று பெயர். இருவரையும் மேய்க்கும் மேற்பார்வையாளருக்கு டை என்று பெயர். எத்தனை வெயிலடித்தாலும் கழுத்தில் டை கட்டிக்கொண்டு கதவுக்கு வெளியே நிற்பார். அந்த அறைக்குள் ஒருநாளும் காலை வைத்ததில்லை.

வீட்டில் இந்த விஷயம் யாருக்கும் தெரியாது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் வேலை கிடைத்த அன்று, “என்ன வேலை?” என்று கணவரின் அக்கா கேட்டாள். நாத்தனார் கேட்கிற கேள்விக்கு உண்மையைச் சொல்கிற பெண் இன்னும் பிறக்கவில்லை. “லேப்ல டெஸ்டிங்,” என்றாள் மூக்கக்கா. அந்தப் பொய் வீட்டுப் பிள்ளையோடு சேர்ந்து வளர்ந்தது. மகள் மூன்றாம் வகுப்பில் ‘என் அம்மா ஒரு விஞ்ஞானி’ என்று கட்டுரை எழுதி, ஒரு பென்சில் டப்பாவைப் பரிசாக வாங்கிக்கொண்டு வந்தாள். அதற்கப்புறம் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு உண்மையைச் சொல்வது?

கணவர் டிரைவிங் வாத்தியார். நாள் முழுக்க அடுத்தவர் பிரேக் போடுவாரா மாட்டாரா என்று கழுத்தை விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் கழுத்துவலி. அதற்கு ஒரு தைலம். காலையில் ஒரு முறை, வந்ததும் ஒரு முறை, படுக்கும்போது ஒரு முறை. சைனஸ் தொந்தரவில் அவருக்கு எந்த வாசனையும் தெரியாது. அவர் மூக்கு மூக்குக்கண்ணாடியைத் தாங்குவதற்காக மட்டும் முகத்தில் இருந்தது. பூவும் ஒன்று, புழுதியும் ஒன்று என்கிற ஞானி நிலையை அவர் தைலம் தடவியே அடைந்துவிட்டார்.

வேலை நடப்பது சனிக்கிழமை காலையில். அறையின் நடுவில் ஒரு மரத்தடுப்பு. அதில் டிக்கெட் கவுண்டர் போல ஒரு சதுர ஓட்டை. அந்தப் பக்கம் சோதனைக்கு வருகிறவர் பனியனோடு வந்து நிற்பார். இந்தப் பக்கம் மூக்கக்கா, “கையைத் தூக்குங்க,” என்பாள். கை உயரும், உள்ளங்கை பின்மண்டைக்குப் போகும், ஓட்டையில் அக்குள் வந்து நிற்கும். ஒரு சாண் தூரத்தில் மூக்கைக் கொண்டுபோய் இரண்டு குட்டி மூச்சு, ஒரு நீள மூச்சு. “ம்... இறக்குங்க.” பூஜ்யத்திலிருந்து பத்து வரை மார்க். பத்து என்றால் ஜன்னலைத் திற என்று அர்த்தம். பக்கத்துக் கட்டத்தில் என்ன மணம் என்று எழுத வேண்டும். அதற்குத் தொண்ணூற்றாறு சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்று இருக்கிறது. பட்டியலில் இல்லாத சொல்லை எழுதக்கூடாது. சோதனைக்கு வருகிறவர்களுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான்.

தடுப்பு எதற்கு என்றால், கண்ணுக்காக. முகத்தைப் பார்த்துவிட்டால் மூக்கு நியாயம் தவறிவிடும். லட்சணமானவனுக்கு நாற்றம் குறைச்சல் என்று கண் மூக்கிடம் சிபாரிசு செய்யும். புலன்களில் கண்தான் பெரிய வீட்டுப் பிள்ளை, எல்லாவற்றிலும் முதல் பந்தியில் உட்கார்ந்துகொள்ளும். மூக்கு வேலைக்காரன். கண்ணை மூடிக்கொள்ளலாம், காதைப் பொத்திக்கொள்ளலாம், மூக்குக்கு விடுமுறை கொடுத்துப் பாருங்கள், இரண்டு நிமிஷத்தில் ஆளே போய்விடுவார்.

பத்தொன்பது வருஷத்தில் மூக்கக்கா சில விஷயங்களைத் தெரிந்துகொண்டிருந்தாள். வெயிலில் வருகிற வியர்வை வேறு, பயத்தில் வருகிற வியர்வை வேறு. வெயில் வியர்வை வெறும் உப்புத் தண்ணீர், கொஞ்ச நேரம் கழித்துத்தான் நாறும். பயம் உடனே நாறும், புளித்த வெங்காயம் மாதிரி. இன்னொன்று, மூக்கு சீக்கிரம் களைத்துப்போகிற ஜாதி. ஒரே மணத்தைத் தொடர்ந்து காட்டினால் ஐந்து நிமிஷத்தில் ‘சரி, தெரிஞ்சுபோச்சு’ என்று அதைக் கணக்கிலேயே எடுக்காமல் விட்டுவிடும். ஆகவே இரண்டு அக்குளுக்கு நடுவில் அவள் தன் முழங்கை மடிப்பை முகர்ந்துகொள்வாள். அவரவருக்கு அவரவர் மணம் தெரியாது, அது பூஜ்யம். பூஜ்யத்தை முகர்ந்தால் மூக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். சின்ன மூக்குக்கும் அவள்தான் இதைச் சொல்லிக்கொடுத்திருந்தாள். சொல்லிக்கொடுத்தவளே அதை மறந்துபோனது பிற்பாடு நடந்த கூத்து.

வினை பதினேழாம் எண்ணால் வந்தது. இரண்டு வருஷமாக மாதம் ஒருமுறை வருகிற ஆள். ஒழுங்கானவன், வாசனைத் திரவியம் போடாதே என்றால் போடமாட்டான், சோதனைக்கு முன்னால் ஒரு வாரம் பூண்டு வெங்காயம் தொடாதே என்றால் தொடமாட்டான், கம்பெனி கொடுக்கிற பெயரில்லாத சோப்பில்தான் குளிப்பான். மூக்கக்காவுக்குப் பிடித்த அக்குள் என்றே சொல்லலாம். எட்டு மாதமாக இவனுடைய மார்க்கில் மட்டும் தகராறு. மூக்கக்கா இரண்டு போடுவாள், சின்ன மூக்கு ஆறு போடுவாள். கட்டத்தில் சின்ன மூக்கு எழுதுவது இது: ‘வலித்தைலம், நாள்பட்ட திரைச்சீலை, காயாத துண்டு, அடிப்பிடித்த பால்.’

முதல் தடவை அதைப் படித்துவிட்டு மூக்கக்கா வயிறு குலுங்கச் சிரித்தாள்.

“இதெல்லாம் எங்கடி இருக்கு? எனக்கு ஒண்ணுமே வரலையே.”

“சத்தியமா வருதுக்கா. ஆள் சுத்தமாத்தான் இருக்கார், அந்தப் பனியன்ல ஒரு வீடே இருக்கு.”

“அப்படிப்பட்ட வீட்டுல பாவம் எவன் குடியிருக்கானோ! அந்த வீட்டுப் பொம்பளைக்கு மூக்கு இருக்கா இல்ல அடகு வச்சுட்டாளா?”

மாதங்கள் போகப் போகச் சிரிப்பு நின்றது. பதினேழுக்கு ஆறு மார்க் என்றால் கம்பெனியின் புதுக் களிம்பு தோற்றுவிட்டது என்று பொருள், இரண்டு என்றால் ஜெயித்துவிட்டது என்று பொருள். எந்த மூக்கை நம்புவது? கம்பெனி மூன்றாவதாக ஒரு மூக்கைக் கூலிக்குக் கூட்டிவந்தது. அதுவும் ஆறு போட்டது. டை மூக்கக்காவை அழைத்து, வயதாக ஆகக் கண் மங்குகிற மாதிரி மூக்கும் மங்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று மிக மரியாதையாகச் சொன்னார். வருகிற சனிக்கிழமை மறுசோதனை. அதிலும் தவறினால் லேபிள் ஒட்டும் பிரிவுக்கு மாற்றம்.

லேபிள் ஒட்டுவதற்கு மூக்கு வேண்டாம். மூக்கக்கா அன்று வீட்டுக்கு வந்து, சமையலறையில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து முகர்ந்து பார்த்தாள். மிளகு தெரிந்தது, காபித்தூள் தெரிந்தது. எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. அப்படியானால் பதினேழு மட்டும் ஏன் ஏமாற்றுகிறான்? அவளுக்குப் பயமாக இருந்தது. படிப்பில்லாத, அழகு என்று யாரும் சொல்லாத ஒருத்திக்கு இந்த உலகத்தில் ‘இவளை மிஞ்ச ஆளில்லை’ என்று பெயர் வாங்கிக் கொடுத்தது அந்த மூக்கு ஒன்றுதான்.

இதற்கு நடுவில் வீட்டில் வேறு ஒரு அதிசயம் நடந்துகொண்டிருந்தது. கணவரின் பனியன்கள் குட்டி போட்டன.

“இது என் பனியன் இல்ல. இதுக்குள்ள ரெண்டு பேர் நுழையலாம்,” என்று அவர் ஒருநாள் புகார் செய்தார்.

“பனியன் அதேதான். நீங்கதான் இளைச்சுட்டீங்க,” என்றாள் மூக்கக்கா.

அவருக்கு அது பரம சந்தோஷம். தான் இளைத்துவிட்டதைக் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அக்குள் பக்கம் கிழிந்திருந்த ஒரு பனியனை மூக்கக்கா தைத்தாள். வெள்ளை நூல் தீர்ந்துபோனதால் நீல நூலில் தைத்தாள். உள்ளே போடுவதை யார் பார்க்கப்போகிறார்கள்?

மறுசோதனைக்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை பொதுவிடுமுறை. அன்று மத்தியானம் மகள் ஒருவனைச் சாப்பாட்டுக்குக் கூட்டி வந்தாள். மகளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. அந்தக் கட்டடத்தின் லிஃப்டை ரிப்பேர் செய்ய வருகிற மெக்கானிக் இவன். லிஃப்ட் அடிக்கடி ரிப்பேரானது எப்படி என்பதை யாரும் விசாரிக்கவில்லை. “உங்களுக்குப் பிடிச்சிருந்தா மேல பேசலாம்,” என்று மகள் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் பார்வை சொன்னது வேறு: பிடித்தாக வேண்டும்.

மூக்கக்கா கதவைத் திறந்தாள். வாசலில் உயரமாக, துவைத்துத் தேய்த்த சட்டையில் ஒரு பையன். வாங்க என்று சொல்ல வாயைத் திறந்து மூச்சை இழுத்தாள். முதலில் கம்பெனியின் பெயரில்லாத சோப்பு வந்தது. அது எந்தக் கடையிலும் கிடைக்காது. அதற்குப் பின்னால், வணக்கம் சொல்லிக்கொண்டு வருகிற விருந்தாளி மாதிரி, சந்தேகமே இல்லாமல், பதினேழு வந்தது.

வாங்க என்ற சொல் தொண்டையிலேயே நின்றுவிட்டது. தலையை மட்டும் ஆட்டிவிட்டுச் சமையலறைக்குள் ஓடினாள்.

“அவளுக்குத் தொண்டை கட்டியிருக்கு போல,” என்று கணவர் சமாளித்தார். “உக்காருங்க தம்பி. லிஃப்ட் கம்பி அறுந்துட்டா என்ன ஆகும்?”

“அப்படியெல்லாம் அறாதுங்க சார்.”

“நான் எதுக்கும் படியிலதான் ஏறுவேன்.”

சாப்பாடு பரிமாறப்பட்டது. விருந்தாளிக்கென்று மூக்கக்கா எல்லாவற்றிலும் பூண்டைக் கொட்டியிருந்தாள். பையன் பூண்டை ஓரம் கட்டினான், வெங்காயத்தை ஓரம் கட்டினான். கடைசியில் தட்டில் வெறும் சோறும் உருளைக்கிழங்கும் மிஞ்சின.

“வயிறு கொஞ்சம் சரியில்லைங்க,” என்றான்.

“உனக்கா? போன மாசம் பூண்டு ரொட்டி மூணு தட்டு தின்னியே!” என்றாள் மகள்.

சமையலறை வாசலில் நின்ற மூக்கக்காவுக்குத்தான் காரணம் தெரியும். சனிக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது. மாமியார் வீட்டு விருந்திலும் விதி மீறாத பிள்ளை. மனசுக்குள் ஒரு மார்க் கூட்டிக்கொண்டாள்.

அப்போது அவன் கை பட்டுத் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது. தண்ணீர் மேஜையில் ஓடி அவன் சட்டையை நனைத்தது. மூக்கக்கா துணியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். மேஜையைத் துடைக்க வேண்டும், அவன் கை குறுக்கே கிடந்தது. பத்தொன்பது வருஷத்துப் பழக்கம் வாயில் வந்துவிட்டது.

“கையைத் தூக்குங்க.”

பையனின் வலது கை விருட்டென்று உயர்ந்தது. உள்ளங்கை பின்மண்டைக்குப் போனது. முகம் இடது பக்கம் திரும்பியது. அப்படியே சிலையாக உட்கார்ந்தான். அதைவிடக் கொடுமை, மூக்கக்கா குனிந்தாள். சரியாக ஒரு சாண். இரண்டு குட்டி மூச்சு, ஒரு நீள மூச்சு.

“ம்... நாலு. இறக்குங்க.”

அவன் கையை இறக்கவில்லை, மெல்லத் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். அவள் அவனை மூக்கால் கண்டுபிடித்தது போல அவன் அவளைக் காதால் கண்டுபிடித்துவிட்டான். இரண்டு வருஷமாக ஓட்டைக்குப் பின்னாலிருந்து வந்த குரல். அடுத்த நொடி புளித்த வெங்காயம் குப்பென்று அடித்தது. நாலு ஏழாகிவிட்டது.

“என்ன நாலு?” என்றார் கணவர்.

“நாலு வாய்கூடச் சாப்பிடலையேன்னு சொன்னேன்.”

“அது சரி. தம்பி, நீங்க ஏன் கையைத் தூக்கினீங்க? லிஃப்ட் கம்பெனியில இதுதான் வணக்கமா?”

மகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நல்லவேளையாகக் கணவரின் போன் அடித்தது. அவருடைய மாணவர் ஒருவர் மேட்டில் ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் நின்றுகொண்டிருந்தார். கணவர் அந்த மேடு இருக்கும் திசையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தபோது, மகள் மாற்றுச்சட்டை தேட உள்ளே போனாள். பையன் ஈரச் சட்டையைக் கழற்றிப் பிழியப் பால்கனிக்குப் போனான். மூக்கக்கா பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினாள்.

“பதினேழா?”

“ஆமா மேடம்.”

“மேடம்னு சொன்னா பல்லைப் பேத்துடுவேன்.”

“சரிங்க மேடம்... சரிங்க. தயவுசெஞ்சு அவகிட்ட சொல்லிடாதீங்க. சனிக்கிழமை கம்ப்யூட்டர் கிளாஸ் போறேன்னு சொல்லியிருக்கேன்.”

“நான் விஞ்ஞானின்னு சொல்லியிருக்கேன்.”

இரண்டு திருடர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் மூக்கக்காவின் கண்ணில் அது பட்டது. பனியனில், வலது அக்குளுக்குக் கீழே, நீல நூல் தையல். அவளுடைய தையல். அவளைத் தவிர உலகத்தில் எவரும் அவ்வளவு கேவலமாகத் தைக்கமாட்டார்கள்.

“இந்தப் பனியன் ஏது?”

“என்னுதுதாங்க. ரூம்ல துவைக்க, காயப்போட இடமே இல்ல. எட்டு மாசமா அவதான் எடுத்துட்டுப் போய்த் துவைச்சுத் தர்றா.”

“அவளா துவைச்சா? துவைச்சவளும் நான், மடிச்சவளும் நான், தைச்சவளும் நான்!”

எட்டு மாசம் என்ற சொல் காதில் விழுந்த பிறகுதான் மெதுவாக உள்ளே இறங்கியது. அவள் பால்கனித் திரையைக் கையில் பிடித்து மூக்கில் வைத்து முகர்ந்தாள். ஒன்றுமில்லை. கொடியில் கிடந்த துண்டை முகர்ந்தாள். ஒன்றுமில்லை. ஓடிப்போய்க் கணவரின் தலையணையை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டாள். அந்த மனுஷன் தினம் மூன்று வேளை தைலம் தடவிப் படுக்கிற தலையணை. பூஜ்யம்.

வலித்தைலம், நாள்பட்ட திரைச்சீலை, காயாத துண்டு, அடிப்பிடித்த பால். தினமும் அடுப்பில் பாலை வைத்துவிட்டு அடிப்பிடிக்க விடுகிறவளும் அவள்தான். ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. அந்த வீட்டுப் பொம்பளைக்கு மூக்கு இருக்கா என்று வயிறு குலுங்கச் சிரித்தாளே, அந்தப் பொம்பளை இவள்தான். வெட்கம் ஒரு பக்கம் பிடுங்கியது. அதைவிட இன்னொன்று அதிகம் வலித்தது. முன்பின் தெரியாதவனின் பயத்தை ஒரு சாண் தூரத்தில் கண்டுபிடிக்கிறவளுக்கு, பெற்ற மகள் எட்டு மாதமாக ஒருவனை விரும்புவது தெரியவில்லை. அது மூக்குக்கு நேராகத்தான் இருந்தது. அவள் அதற்கு மார்க்கே போடவில்லை.

அவள் பால்கனிக்குத் திரும்பி வந்து மறுசோதனை விஷயத்தைச் சொன்னதும் பையன் உடனே வழி சொன்னான். “இதுக்கா கவலைப்படறீங்க? புதுப் பனியன் வாங்கிப் போட்டுட்டு வந்துடறேன். அவங்களும் ரெண்டு போடுவாங்க, நீங்களும் ரெண்டு போடுவீங்க. முடிஞ்சுபோச்சு.”

மூக்கக்கா யோசித்தாள். சுலபமான வழிதான். வேலை தப்பும், பொய் தப்பும், அவன் கம்ப்யூட்டர் கிளாஸும் தப்பும்.

“வேணாம். அதே பனியனைப் போட்டுட்டு வா,” என்றாள். “எட்டு மாசமா என் மூக்கு செத்துப்போச்சுன்னு எழுதி வச்சிருக்காங்க. நீ புதுசு போட்டுட்டு வந்தா எனக்கு வேலை இருக்கும், அந்த எட்டு மாசம் அப்படியே நிக்கும். நான் வீட்டுல ஆயிரம் பொய் சொல்லியிருக்கேன் தம்பி. அந்த ஃபாரத்துல ஒண்ணுகூட எழுதினதில்ல.”

சனிக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். முதல் இரண்டு பேருக்கும் இரண்டு மூக்கும் ஒரே மார்க் போட்டன. மூன்றாவதாக ஓட்டையில் நீல நூல் வந்து நின்றது.

“கையைத் தூக்குங்க.”

அவன் பயந்துபோயிருந்தான், அது நன்றாகத் தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை. முழங்கை மடிப்பை முகர்ந்துவிட்டு மறுபடி முயன்றாள். எவ்வளவு இழுத்தாலும் அந்த இடத்தில் காற்றுத்தான் இருந்தது. சின்ன மூக்கு எழுதுகிற நாலு சொற்களும் அவளுக்கு மனப்பாடம், பார்த்து எழுதினால் கேட்பாரில்லை. மார்க் கட்டத்தில் ஒரு கோடு போட்டாள். பக்கத்துக் கட்டத்தில் ‘எங்கள் வீடு’ என்று எழுதி வெளியே போய் டையிடம் நீட்டினாள்.

டை பட்டியலை எடுத்து மேலிருந்து கீழ் வரை விரல் வைத்துப் படித்தார். “எங்கள் வீடுன்னு இதுல ஒரு சொல் இல்லையே மேடம்.”

“தொண்ணூத்தேழாவதா சேர்த்துக்கோங்க சார்,” என்றாள் மூக்கக்கா. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

டை ஆதாரமில்லாமல் தன் பெயரையே நம்பாத மனிதர். மறுநாள் காலை சின்ன மூக்கை ஃபாரத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்த பெண் வாசலைத் தாண்டி ஒரு அடி வைத்தாள், கண்ணை மூடினாள். “அக்கா! இதேதான்!” என்றாள், தொலைந்த மாட்டைக் கண்டுபிடித்தவள் போல. திரையை முகர்ந்தாள், துண்டை முகர்ந்தாள், பால் பாத்திரத்தை முகர்ந்தாள். பேப்பர் படித்துக்கொண்டிருந்த டிரைவிங் வாத்தியாரின் முன்னால் போய் நின்றாள்.

“சார், கையைத் தூக்குங்க.”

“எதுக்கும்மா? துப்பாக்கி வச்சிருக்கியா?”

அதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது? மூக்கக்கா நின்றபடியே பத்தொன்பது வருஷத்தையும் ஒரே மூச்சில் கொட்டினாள். அவர் தூக்கிய கையை இறக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப நீ இத்தனை வருஷமா அதைப் பண்ணிட்டு வந்துதான் எனக்குச் சோறு போட்டியா?”

“கை கழுவிட்டுத்தாங்க போட்டேன்.”

“கையாலயா மோந்தே?”

சின்ன மூக்கு சிரிப்பை அடக்க முடியாமல் பால்கனிக்கு ஓடினாள். அவர் கையை மெல்ல இறக்கிவிட்டு, வேறு ஒரு குரலில் கேட்டார். “நான் அவ்வளவு நாறுறேனா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“எனக்கே தெரியாதுங்க. நீங்க எனக்கு நாறவே மாட்டீங்க.”

அந்த வீட்டில் அப்படிப்பட்ட வசனத்தை யாரும் அதுவரை பேசியதில்லை. இருவருக்கும் கூச்சமாகிவிட்டது. மகள்தான் பாவம், அம்மா விஞ்ஞானி இல்லை என்பதற்கு அழுவதா, காதலன் கம்ப்யூட்டர் கிளாஸ் போகவில்லை என்பதற்கு அழுவதா என்று தெரியாமல் இரண்டு பேரோடும் ஒன்றரை நாள் பேசவில்லை. பிறகு பென்சில் டப்பாவைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து, “இதைத் திருப்பிக் கொடுத்துடணுமா?” என்று கேட்டுவிட்டு அம்மாவின் மடியில் படுத்துச் சிரித்தாள்.

மூக்கக்காவின் மூக்கு பழுதில்லை என்று எட்டு மாத ஃபாரங்களிலும் முத்திரை குத்தப்பட்டது. மதிப்பீட்டாளருக்கு உறவு என்பதால் பதினேழாம் எண் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டது. ஆறு மாதத்தில் அது மருமகனாக மாறியது. இளம் ஜோடி ஊரின் மறுபக்கத்தில், லிஃப்ட் ஒழுங்காக வேலை செய்கிற ஒரு கட்டடத்தில் குடியேறியது.

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம் வாசல்மணி அடித்தது. மூக்கக்கா கதவைத் திறந்தாள், பழக்கத்தில் மூச்சை இழுத்தாள். யாரோ ஒருத்தியின் மணம் வந்தது. எலுமிச்சை வாசனையில் தரை துடைக்கிற ஏதோ ஒன்று, புது மர அலமாரி, கொஞ்சம் கிரீஸ், தெரியாத ஒரு எண்ணெய். நிமிர்ந்து பார்த்தாள். மகள் நின்றிருந்தாள்.

இருபத்தைந்து வருஷத்தில் மகளுக்கு மணம் இருந்ததே இல்லை. பிறந்த முதல் வாரம் ஏதோ இருந்த மாதிரி ஞாபகம், பிறகு அது வீட்டுக் காற்றோடு கலந்துவிட்டது. இப்போது ஒரு சாண் வேண்டாம், நாலடி தூரத்திலேயே தெரிந்தது. தாராளமாக ஐந்து மார்க் போடலாம். பெண்ணைக் கட்டிக்கொடுத்த அன்று வராத அழுகை இப்போது வந்தது.

மகள் அதைக் கவனிக்கவில்லை. வாசற்படியில் ஒரு காலை வைத்தவள் சட்டென்று நின்று, இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

“ஐயோ அம்மா, என்ன இது? தைலமா? பாலை வேற அடிப்பிடிக்க விட்டியா? உங்க வீடு எப்பவுமே இப்படித்தான் நாறுமா?”

உங்க வீடு என்றாள். மூக்கக்கா தன் முழங்கை மடிப்பை மூக்கில் வைத்து நன்றாக முகர்ந்துகொண்டாள். பிறகு மறுபடி மகளை முகர்ந்து பார்த்தாள். அந்த மணம் போகவில்லை.

“உள்ள வாடி,” என்றாள். “அஞ்சு நிமிஷத்துல பழகிடும்.”